ஒளிந்திருக்கும் பகைவன்



நம் பள்ளியின் கீழ்வகுப்பில் பயிலும் தங்கை ஒருத்தி, இரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றுத் திரும்பியிருப்பதை நாம் அறிவோம். காலை ஜெபத்தில் அவளுக்காக நாள்தோறும் வேண்டிவருகிறோம். "இரத்தம் சுத்தமாயிருக்கிறது என்றுதானே சொன்னார்கள், சிஸ்டர்? மறுபடியும் ஏன் சோதனை?" என்று அவளுடைய தாயார் கண்கலங்கக் கேட்டார்கள். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே இரத்த அணுக்களின் தொழிற்சாலை. அங்கே வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே இரத்தப் புற்றுநோய். கடுமையான மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ பழைய மஜ்ஜையை அழித்து, பொருத்தமான ஒருவரின் நல்ல மஜ்ஜையைச் செலுத்துவதே மாற்று சிகிச்சை. இதனை வளர்த்த அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1983-இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், தமிழகத்தில் 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இச்சிகிச்சை செய்யப்பட்டது.

நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கலாம். நூற்றில் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும் 1,000 கோடி மிஞ்சுமன்றோ! ஆனால் நூற்றுக்கு ஒன்றாகக் கலந்திருக்கும் நோயணுவை நுண்ணோக்கியால் பிரித்தறிவது மிகக் கடினம். எண்ணூர் உப்பளத்தில் குவித்த உப்பு, தொலைவிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்றுதான் தோன்றும். உள்ளே கிடக்கும் கருமணல் கண்ணுக்குப் படுமா?

இங்கேதான் மூலக்கூறு சோதனை உதவுகிறது. சிலவகை இரத்தப் புற்றுநோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. இதை 1973-இல் கண்டறிந்தவர் ஜேனட் ரௌலி என்னும் பெண்மணி. இம்மாற்றத்தால் நல்ல அணுக்களில் இல்லாத ஒரு புதிய மரபணு உண்டாகிறது. அதுவே பகைவனின் அடையாளக் குறி. வேறு வகை நோய்களுக்கு வேறு குறிகள் உண்டு.

அக்குறியை மட்டும் இரண்டு, நான்கு, எட்டு என இரட்டித்துப் பெருக்கும் முறையே பி.சி.ஆர். முப்பது முறை இரட்டித்தால் ஒன்று 100 கோடிக்கு மேலாகிறது, கணக்கிட்டுப் பாருங்கள்! இதனால் லட்சம் அணுக்களில் ஒளிந்திருக்கும் ஒரே நோயணுவையும் கண்டுபிடிக்க இயலும். இம்முறையைக் கண்ட கேரி முல்லிஸ் 1993-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு முறை குறி தென்படாவிட்டால் நோய் வேரோடு போயிற்று என்று உறுதியாகக் கொள்ள முடியாது. அதுபோல, ஒரு முறை தென்பட்டதாலேயே நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். மீண்டும் மீண்டும் சோதித்து, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினால், உடல்நலம் கெடுவதற்கு முன்பே மருந்தை மாற்றலாம். மஜ்ஜை அளித்தவரின் வெள்ளணுக்களை மேலும் செலுத்தலாம். காலம் தாழ்த்தாமல் அறிவதே இச்சோதனையின் பெரும்பயன்.

இவற்றையெல்லாம் படம் வரைந்து அத்தாயாருக்கு விளக்கினோம். பொறுமையாகக் கேட்டபின் அவர்கள், "வலை சுத்தமாய் இருந்தாலும் கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாய்ப் பார்ப்போமே, அதுபோலத்தானே?" என்றார்கள். நாங்கள் ஒரு பக்கம் எழுதியதை அவர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்!

முதற் சோதனையில் நோய்க்குறி தென்படவில்லை. மூன்று மாதம் கழித்து அடுத்த சோதனை. அதுவரை நம் ஜெபம் தொடரட்டும்.

தோழியரே, ஜெபத்தோடு செயலும் வேண்டும். உடன்பிறந்தோரின் மஜ்ஜை பொருந்தாத நோயாளிகள் பலர் உள்ளனர். சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்ட 'தாத்ரி' போன்ற பதிவகங்களில், 18 வயது நிறைந்தபின் நாமும் கொடையாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியே போதும். இன்னும் மூன்றே ஆண்டுகள்! அந்நாளை மறவாதிருப்போமாக.