கரட் விதை ஏன் முளைக்கவில்லை?



லயத்துக்குப் பக்கத்தில் மரக்கறி போடுகிறவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டால், பாதிப்பேர் கரட் என்றுதான் சொல்வார்கள். கோவாவும் லீக்ஸும் நாற்றாக வாங்கி நட்டுவிடலாம். கரட்டைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப்போகும். விழுந்த இடத்திலேயே அது முளைத்தாக வேண்டும்.

இந்த முறை பாடத்தை மலையில் தொடங்காமல் திருகோணமலையில் தொடங்குகிறேன். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம் ஆட்கள் பலர் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டங்களுக்குப் போய்க் குடியேறினார்கள். உங்களில் பலருக்கு அங்கே சொந்தம் இருக்கும். என் தாய்மாமாவும் அப்படிப் போனவர்தான். துறைமுகப் பட்டணத்துக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கம் இருக்கிறார். சின்ன வயதில் நுவரெலியாப் பக்கத்தில் லயத்துக்குப் பின்னால் கரட் போட்டுப் பழகிய கை. கடற்கரை மணலிலும் அதைப் போட்டுப் பார்க்க ஆசை.

ஆடி மாதம் பாத்தி கட்டி, விதை தூவி, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். மூன்று கிழமை ஆகியும் ஒன்றும் இல்லை. திரும்ப விதை வாங்கிப் போட்டார். ஐந்தாறு தலை காட்டி, அதுவும் கருகிவிட்டது. விதைக்குக் கொடுத்த காசு கூலிக்குப் போகிறவருக்குச் சின்னத் தொகை இல்லை. எனக்குப் போன் எடுத்தார்.

"கடைக்காரன் பழைய விதைய தலையில கட்டிட்டான் மருமகனே."

"இருக்கலாம் மாமா. மிச்சம் இருக்கிறதுல 20 விதைய எண்ணி ஈரத்துணியில சுத்தி, வீட்டுக்குள்ள குளிர்ச்சியான இடத்தில வச்சுப் பாருங்க. துணி காயக்கூடாது."

பத்து நாள் கழித்து மறுபடி பேசினார். 15 விதை முளை விட்டிருந்தது. ஆக, விதையில் பழுது இல்லை. கடைக்காரரைத் திட்டும் முன் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 20க்குப் பத்துக்குக் கீழே போனால் மட்டும் விதையைச் சந்தேகப்படலாம். கரட் விதை ஈரக்காற்றில் சீக்கிரம் கெடும். நம் லயத்து அடுப்படியில் பிரித்த பக்கெட்டை ஒரு வருடம் வைத்திருந்தால் பாதி செத்துவிடும். மூடி இறுகின போத்தலில் போட்டு வையுங்கள்.

அப்படியென்றால் மாமாவின் பாத்தியில் என்ன நடந்தது? முதல் காரணம் சூடு. மண் 10 பாகை செல்சியஸில் இருந்தால் கரட் முளைக்க 17 நாள் போகும். 15 பாகையில் 10 நாள், 20 முதல் 30 பாகை வரை ஆறேழு நாள் போதும். 35 பாகையில் திணறும், 40 பாகையில் முளைக்கவே முளைக்காது. ஆடி, ஆவணியில் திருகோணமலையில் நிழலிலேயே 34, 35 பாகை. கச்சான் காற்று வேறு அடிக்கும் (தின்கிற கச்சான் இல்லை, கிழக்கு மாகாணத்தில் அந்த உலர்ந்த காற்றுக்கும் அதே பெயர்). மத்தியானம் வெறுங்காலோடு நிற்க முடியாத மணலில் விதை என்ன செய்யும்? காலையில் ஊற்றிய தண்ணீரும் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். முளை விடத் தொடங்கிய விதை காய்ந்தால் செத்ததுதான்.

இரண்டாவது காரணம் எனக்கும் உடனே தோன்றவில்லை. பேச்சுவாக்கில் மாமாதான் சொன்னார்: "ஆவணி மாசம் கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும்பா, டீ வாயில வைக்க ஏலாது." மரக்கறிகளில் உப்பைக் கொஞ்சமும் தாங்காதது கரட். பீட்ரூட் தாங்கும், கரட் தாங்காது. ஊற்ற ஊற்ற மேல்மண்ணில் உப்புச் சேரும். அவர் பாடுபட்டு ஊற்றியதே விதைக்குப் பகையாகிவிட்டது.

இரண்டுக்கும் மருந்து காலம்தான். மாரி மழை பெய்தால் கடலோரக் கிணறுகளில் தண்ணீர் தெளியும், மணலும் குளிரும். மார்கழி, தை மாதங்களில் அங்கே பகல் சூடு 28 பாகைக்குப் பக்கத்தில்தான். யாழ்ப்பாணத்து விவசாயிகளும் கரட்டை மாரியில்தான் போடுகிறார்கள். மார்கழியில் பெருமழை கொஞ்சம் ஓய்ந்ததும் மாமா மூன்றாம் தடவையாக விதைத்தார். வெக்கை தாங்கும் 'நியூ குரோடா' விதை வாங்கச் சொன்னேன்.

பாத்தியை முக்கால் அடி உயர்த்தி, நன்றாக மக்கிய எருவை மேல்மணலில் கலந்தார். விதையை உள்ளங்கையில் மணலோடு தேய்த்து முள்ளை உதிர்த்து, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு விதைத்தார். கோடு கிழித்து அரை அங்குல ஆழத்தில் போட்டு, சலித்த எருவால் மூடி, மேலே நனைத்த சணல் சாக்கு. பொலித்தீன் மட்டும் வேண்டாம், வெயிலில் விதை வெந்துவிடும். எறும்பு விதையை இழுத்துப் போகாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போட்டார்.

ஏழாம் நாள் முளைத்தது. ஆனால் கலியாண வீட்டுக்குப் போனவர் ஒரு பாத்தியின் சாக்கை இரண்டு நாள் பிந்தித்தான் எடுத்தார். அந்தப் பாத்தி முழுதும் மஞ்சள் நூலாக நீண்டு, சாக்கோடு பின்னிக்கொண்டு வந்துவிட்டது. மற்றப் பாத்தி தப்பியது. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். ஒரு முளை தெரிந்தாலே, அன்று அந்தியிலேயே எடுத்துவிடுங்கள்.

இப்போது மலைக்கு வருவோம். நமக்கு உப்பும் இல்லை, சூடும் இல்லை. நம் தொல்லை புளிப்பு மண்ணும் இறுகிய மண்ணும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும், கரட் விரும்பாது. கவ்வாத்துக்குப் பிறகு மலையில் போடுகிற அதே டொலமைட்டை, விதைப்பதற்கு இரண்டு கிழமை முன்னால் சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் தூவி முள்ளால் கொத்திக் கலந்துவிடுங்கள். சிப்பி கலந்த கடற்கரை மணலுக்கு இது தேவையில்லை. அங்கே உள்ள சொந்தக்காரருக்கு ஆசையாக மூட்டை கட்டி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது மேல்மண் பொருக்கு. ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் நம் மண் அப்பளம் மாதிரி இறுகிவிடும். கரட் முளை நூல் மாதிரி, அதைப் பிளக்க அதற்குப் பலம் கிடையாது. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்துச் செம்மண்ணிலும் இதே கதைதான். அதனால் விதையைத் தோட்டத்து மண்ணால் மூடாமல், சலித்த மக்கெருவும் மணலும் சரிபாதி கலந்து மூடுங்கள். கரட் விதையோடு அங்கங்கே முள்ளங்கி விதையும் போடுங்கள். அது நாலைந்து நாளில் பொருக்கை உடைத்துக்கொண்டு வரும், கரட் அந்த வெடிப்பு வழியே ஏறும். முள்ளங்கியை முதலில் பிடுங்கிச் சமைத்துவிடலாம்.

குளிர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். நுவரெலியாவின் சராசரி 16 பாகைதான். பத்து நாளில் வரவில்லை என்று கிளறிப் பார்க்காதீர்கள், தை மாதத்துக் குளிரில் மூன்று கிழமைகூட ஆகும். பச்சைச் சாணம் போடாதீர்கள், முளை அழுகும், பிழைத்ததும் இரண்டு மூன்று காலாகப் பிரியும். முளைத்து மூன்று கிழமையில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் களைந்துவிடுங்கள். களைந்த இளங்கீரையைப் பருப்போடு போட்டால் ஒரு நேரக் கறிக்கு ஆகும்.