சோம்பேறியும் ரோத்தானும்: பினாங்கு வீடுகளில் உலவும் சில நம்பிக்கைகள்

"எத்தனை தடவை எழுப்பினாலும் எழுந்திரிக்க மாட்டேங்கிறான். சோம்பேறி." ஜார்ஜ்டவுனில் பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் அன்றாடம் காதில் விழும் தீர்ப்பு இது. விசாரணை நடத்திப் பார்த்தால் கூண்டில் ஏற வேண்டியது பிள்ளையில்லை, சுவரில் தொங்கும் கடிகாரம்.

பினாங்குத் தீவு கிழக்குத் தீர்க்கரேகை 100 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. சூரியனை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கே நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 41 நிமிடம் முன்னே இருக்க வேண்டும். ஆனால் கடிகாரம் 8 மணி நேரம் முன்னே ஓடுகிறது. 1981 முடியும்வரை தீபகற்ப மலேசியா ஏழரை மணிக் கணக்கில் இருந்தது. சபா, சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று 1982 புத்தாண்டு பிறந்தபோது அரை மணி முன்னே தள்ளினார்கள். ஆட்சி நிர்வாகத்துக்கு அது வசதி. பள்ளிப் பிள்ளைகளின் உடம்பை யாரும் கேட்கவில்லை.

இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பது காலை 7 மணிக்குச் சற்றுப் பின்தான்; ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் 7.35 வரை போகும். பெரும்பாலான பள்ளிகளில் காலை வகுப்பு 7.30 மணியளவில் தொடங்கிவிடுகிறது. சூரியக் கணக்கில் அது 6.10. பள்ளி வேன் 6.15க்கு வாசலில் ஹார்ன் அடித்தால், பிள்ளையின் உடம்புக்கு அப்போது ஐந்து மணிகூட ஆகியிருக்காது. சென்னையில் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளி பத்து நிமிடத்துக்குள். அவ்வளவு தூரம் போவானேன்? பினாங்குக்காரர்கள் வார இறுதியில் போய்வரும் தாய்லாந்தின் ஹாட்யாய் ஏறத்தாழ இதே தீர்க்கரேகையில்தான் இருக்கிறது. எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்பிக்கொள்கிறார்கள்.

இதன் மேல் பருவ வயதின் உயிரியலும் சேர்ந்துகொள்கிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற சுரப்பு, பூப்பெய்தும் பருவத்தில் இரவு தாமதமாகத்தான் பெருகத் தொடங்கும். பத்து வயதில் ஒன்பது மணிக்குக் கண்ணைச் சொக்கிய பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பதினொன்றாகியும் தூக்கம் வராததற்குக் கைப்பேசி மட்டுமே காரணமல்ல. கைப்பேசி அதை இன்னும் மோசமாக்குகிறது என்பது வேறு விஷயம். 13 முதல் 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பதின்ம வயதினரின் பள்ளி காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல் கேட்டுக்கொண்டது. சியாட்டில் நகரம் 2016இல் பள்ளி நேரத்தை 7.50லிருந்து 8.45க்கு மாற்றியது. மாணவர்கள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில் அவர்களின் தூக்கம் தினம் 34 நிமிடம் கூடியிருந்தது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் பள்ளியைத் தாமதமாகத் தொடங்குவது சட்டமாகவே இருக்கிறது.

பினாங்கில் பள்ளி நேரத்தை ஒரு குடும்பம் தனியாக மாற்ற முடியாதுதான். ஆனால் இரவு டியூசனைப் பத்து மணிவரை இழுப்பதா என்பதைக் குடும்பம் தீர்மானிக்கலாம். சனி, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கும் பிள்ளையைத் திட்டாமல் விடலாம்.

வேறு சில நம்பிக்கைகளுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. பிறந்தநாள் விருந்தில் கேக்கும் ஐஸ் கச்சாங்கும் தின்ற பிள்ளைகள் ஆட்டம் போட்டால் சர்க்கரை மேல் பழி விழும். இதைச் சோதித்த ஆய்வுகளை 1995இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆடுவது விருந்தால். சர்க்கரையின் உண்மையான கேடு பல்லிலும் எடையிலும் இருக்கிறது. மலேசிய அரசு 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது அதற்காகத்தான். வயதுக்கு வந்த பெண் பிள்ளை அந்த நாள்களில் தலை குளிக்கக் கூடாது, இளநீர் குடிக்கக் கூடாது என்பவற்றுக்கும் மருத்துவ ஆதாரம் கிடையாது. வயதுக்கு வந்ததோடு வளர்த்தி நின்றுவிடும் என்பதும் சரியல்ல. அதன் பிறகும் பெரும்பாலான பெண்கள் ஐந்து, ஏழு சென்டிமீட்டர் வளர்கிறார்கள்.

ரோத்தான் எனப்படும் பிரம்பின் கதை அப்படி இரண்டு வரியில் முடியாது. மளிகைக் கடைகளில் வண்ணப் பிளாஸ்டிக் கொக்கி மாட்டிய மெல்லிய பிரம்பு தொங்குவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியும் கூடவே கப்பலேறி வந்தது. "நாங்களெல்லாம் அடி வாங்கித்தானே நல்லா வந்தோம்" என்பவர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அடி வாங்கியும் நல்லபடி வராதவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள அங்கே இருப்பதில்லை.

எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 75 ஆய்வுகளைத் திரட்டி 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் இடம்பெற்ற பிள்ளைகள் சுமார் 160,000 பேர். கவனிக்க: எலும்பு முறிய அடிப்பதைப் பற்றிய ஆய்வல்ல அது, திறந்த கையால் பின்புறத்தில் கொடுக்கும், பெற்றோர் 'சும்மா ஒரு தட்டு' என்று சொல்லும் அடியைப் பற்றியது. அடி வாங்கும் பிள்ளைகள் கூடுதலாக எதிர்த்து நடக்கிறார்கள், கூடுதலாக மனச்சிக்கலுக்கு ஆளாகிறார்கள் என்ற தொடர்புதான் தெரிந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கம் அடியால் வளர்ந்ததாகத் தெரியவில்லை. முரட்டுப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறதோ, எது முதலில் என்று கேட்பது நியாயமான கேள்வி. அப்படியே வைத்துக்கொண்டாலும், அடி அந்த முரட்டுத்தனத்தைக் குறைத்ததாக இல்லை.

"பள்ளியில் ஆசிரியர் யாரும் அடிக்கலாம், சட்டம் இடம் தருகிறது" என்பதும் அரைகுறை உண்மை. மலேசியப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றின்படி மாணவிகளைப் பிரம்பால் அடிக்கவே கூடாது. மாணவர்களையும் தலைமையாசிரியரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அடிக்கலாம். உள்ளங்கையிலோ, உடைக்கு மேல் பின்புறத்திலோ மட்டும். வகுப்பில் கோபம் வந்த ஆசிரியர் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தால் விதி அவர் பக்கம் இல்லை. இந்தியா 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே பள்ளியில் உடல் தண்டனையைத் தடுத்துவிட்டது. ஸ்வீடன் 1979இல் வீட்டிலும் தடுத்தது. மலேசியா இன்னும் அந்த 1959இலேயே நிற்பது பெருமைக்குரியதல்ல.

பதினாறு வயதில் இங்கே மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். பிள்ளை வேகமாக ஓட்டினால் "ஆபத்து புரியாத வயசு" என்பார்கள். புரியாமல் இல்லை. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பதின்ம வயதினரையும் பெரியவர்களையும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவிட்டார்கள். தனியாக ஆடியபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவு நிதானம். நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் பெரியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. பதின்ம வயதினர் மட்டும் துணிச்சல் காட்டத் தொடங்கிவிட்டார்கள். அறிவுரை சொல்லிச் சொல்லி ஏன் பலனில்லை என்பது இதிலிருந்து விளங்கும். ஜெலுத்தோங் விரைவுச்சாலையின் வேகக் கட்டுப்பாடு எவ்வளவு என்று கேட்டால் பையன் சரியாகவே சொல்வான். "ஒரு வருஷம்வரை பின் சீட்டில் கூட்டாளி யாரையும் ஏத்தக் கூடாது, கூட்டமாகவும் கிளம்பக் கூடாது" என்ற நிபந்தனையோடு சாவியைக் கொடுப்பது அறிவுரையைவிடப் பலன் தரும்.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று படிவம் 4 வந்ததும் திடலை மறக்கச் சொல்லும் பெற்றோருக்கு, பினாங்குக்காரர்கள் உடனே ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டைக் காட்டுவார்கள். இந்திய வம்சாவளித் தந்தைக்கும் சீன வம்சாவளித் தாய்க்கும் 1983இல் இங்கே பிறந்தவர். கிரீன் லேன் கான்வென்ட் மாணவி. பள்ளிச் சீருடை கழற்றாத வயதில், 1999இல் உலக இளையோர் ஸ்குவாஷ் பட்டம். பிறகு எட்டு உலகப் பட்டங்கள். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதலிடம். அவர் பெயரில் புக்கிட் டும்பாரில் ஸ்குவாஷ் அரங்கம் இருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொன்னால் நிக்கோல் இதற்குச் சான்றாக மாட்டார். கோடியில் ஒருவரைக் காட்டி மற்ற வீடுகளுக்குப் புத்தி சொல்வதும் ஒரு மூடநம்பிக்கைதான். அதைவிட எளிய உண்மை ஒன்று உண்டு: அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. திடலைப் பூட்டும் பெற்றோர் அந்தப் பத்தில் கைவைக்கிறார்கள்.

அடுத்தது மொழி. "மா, பசார் மாலாம்ல மீ கோரெங் தாப்பாவ் பண்ணிட்டு வாங்க" என்று தமிழும் மலாயும் சீனமும் ஒரே மூச்சில் பேசும் பிள்ளையைப் பார்த்து, மூளை குழம்பிவிட்டது, இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று முடிவெடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இந்தப் பயத்துக்குப் பழைய அறிவியலே விதை போட்டது. 1923இல் சாயர் என்பவர் வேல்ஸ் நாட்டில் நடத்திய ஆய்வு, இருமொழி பேசும் கிராமப் பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனையில் பின்தங்கியதாகச் சொன்னது. குடும்ப வசதி, பள்ளி, சோதனை நடந்த மொழி எதையும் அன்று சரியாக ஈடுகட்டவில்லை. 1962இல் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் இருவரும் ஒரே நிலைக் குடும்பங்களின் பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது இருமொழிப் பிள்ளைகளே முன்னே நின்றார்கள். இருமொழி மூளையைக் கூர்மையாக்கும் என்று அதன்பின் எழுந்த பெரிய உரிமைகோரல்கள் இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. கெடுக்கும் என்ற பயத்துக்கு மட்டும் ஆதாரம் நிற்கவில்லை. யாரிடம் எதைக் கலக்கலாம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பாட்டியிடம் பேசும்போது கலப்பைக் குறைத்துக்கொள்ளும், கவனித்துப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளியைப் பற்றிய நம்பிக்கைகளில் மிகப் பழையது, அது தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்காகப் பிறந்தது என்பது. மலேசியாவில் தமிழ்க் கல்வி தொடங்கிய இடமாகக் கருதப்படுவது ரப்பர் தோட்டமல்ல, ஜார்ஜ்டவுன். 1816 அக்டோபர் 21இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பு இருந்தது. நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஆனாலும் 2016இல் நாடே இருநூறாம் ஆண்டு கொண்டாடியது அதை வைத்துத்தான். தோட்டங்களில் பள்ளி வைக்கச் சட்டம் வற்புறுத்தியது அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகு. இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். ராமகிருஷ்ணா, ஆசாத், ராஜாஜி, சுப்பிரமணிய பாரதி எனத் தீவில் சில, மற்றவை பெரும்பாலும் செபராங் பிறையில்.

தமிழ்ப்பள்ளிக்குப் போனால் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு வீணாகும் என்ற பயத்திலும் பாதிதான் உண்மை. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்களுக்கே அந்த ஓராண்டு வகுப்பு. தேர்ச்சி இருந்தால் நேரே படிவம் 1. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்ட பிறகு பள்ளி மதிப்பீடுதான் கணக்கு. ஆக, பயப்படும் பெற்றோர் பள்ளியை மாற்றுவதைவிட மூன்றாம் ஆண்டிலிருந்தே மலாய் வாசிப்பைக் கவனித்தால் போதும்.

"இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் நின்றுவிடும், வேறு வழியில்லை" என்று கைவிரிப்பவர்களுக்குச் சட்டம் வேறு பதில் வைத்திருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் பாடங்களாக இருக்கின்றன. அடுத்த ஆண்டு படிவம் 1இல் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், பதிவு நாளன்று வரிசையில் நிற்கும் மற்ற தமிழ்ப் பெற்றோரிடம் பேசி, பதினைந்து கையெழுத்து சேர்த்து, மனுவைத் தலைமையாசிரியர் மேசையில் அன்றைக்கே வையுங்கள்.