செய்தியின் பூட்டும் சட்டத்தின் காவலும்

ஐதராபாத் நகரின் பேகம்பேட் பகுதியில் தெலங்கானா காவல்துறையின் சிறப்பு உளவுப் பிரிவு இயங்கி வந்தது. மாவோயிஸ்ட் இயக்கங்களின் நடமாட்டத்தைக் கண்காணிப்பதே அப்பிரிவின் முதன்மைப் பணி. அங்கு 2023 டிசம்பரில், ஆட்சி மாற்றத்தையொட்டி, கணினி வன்தட்டுகள் அழிக்கப்பட்டன என்ற புகாரின்பேரில் 2024 மார்ச்சில் பஞ்சாகுட்டா காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. அரசியல்வாதிகள் உள்ளிட்ட பலரின் தொலைபேசிகள் முறையின்றி ஒட்டுக்கேட்கப்பட்டன என்பதும், அதன் சான்றுகளை மறைக்கவே வன்தட்டுகள் அழிக்கப்பட்டன என்பதும் குற்றச்சாட்டு. இதன் உண்மையை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றமே. எனினும், குடிமகனின் உரையாடல் எவ்வாறு காக்கப்படுகிறது என்ற கேள்வியை இவ்வழக்கு அனைவர் முன்னும் வைத்துள்ளது.

பூட்டு இருக்கும் இடம்

சாதாரணத் தொலைபேசி அழைப்பு, கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையே மட்டுமே சங்கேத வடிவில் செல்கிறது. தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்தை அடைந்ததும் அது திறந்த நிலைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து அதனைக் கேட்பது எளிது. இருமுனை மறையாக்கம் செய்யப்பட்ட செய்திச் செயலிகளில் நிலைமை வேறு.

இம்முறையின் அடிப்படையை 1976-ஆம் ஆண்டில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர். ஒவ்வொருவருக்கும் இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்று யாவரும் அறியத்தக்கது. மற்றொன்று உரியவரின் கருவியை விட்டு வெளியேறாதது. இவற்றைக் கொண்டு, அனுப்புபவரும் பெறுபவரும் தமக்கு மட்டுமே தெரிந்த ஒரு பொதுச் சாவியைக் கணக்கிட்டுக்கொள்கின்றனர். இடையிலுள்ள நிறுவனம் செய்தியைச் சுமந்து செல்கிறதே தவிர, அதனைப் படிக்க இயலாது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனாளர் அனைவருக்கும் இம்முறையை விரிவுபடுத்தியது. சிக்னல் செயலியும் இவ்வாறே இயங்குகிறது. டெலிகிராமில் 'இரகசிய உரையாடல்' எனத் தேர்ந்தெடுக்கப்படுவனவற்றிற்கு மட்டுமே இப்பாதுகாப்பு உண்டு. சாதாரண உரையாடல்களுக்கு இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை.

பூட்டு காவாதவை

இப்பூட்டு வழியிலுள்ள செய்தியைக் காக்கிறது. இரு முனைகளையும் காப்பதில்லை. திறந்த கைப்பேசி பிறர் கையில் சிக்கினால் அனைத்தும் வெளிப்படும். 2021-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில், போதைப்பொருள் தடுப்பு நடவடிக்கையின்போது, காவலர்கள் தெருவில் சென்றோரை நிறுத்தி அவர்களது கைப்பேசி உரையாடல்களைப் பார்வையிட்ட காட்சிகள் வெளியாகிப் பெரும் விவாதத்தை எழுப்பின. அங்கு எந்தச் சங்கேதமும் உடைக்கப்படவில்லை. உடைக்கத் தேவையும் எழவில்லை.

உளவு மென்பொருளும் முனையையே தாக்குகிறது. பெகாசஸ் மென்பொருளால் உலகெங்கும் சுமார் 1,400 பேரின் கருவிகள் குறிவைக்கப்பட்டதாக 2019-இல் வாட்ஸ்அப் அறிவித்தது. அவர்களுள் இந்தியரும் இருந்தனர். மேலும், எவர் எவருடன், எப்போது தொடர்புகொண்டார் என்னும் விவரங்களை மறையாக்கம் முழுமையாக மறைப்பதில்லை. உரையாடலின் காப்புப் படி தனியே மறையாக்கம் செய்யப்படாமல் வேறிடத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும்.

கண்டறிதல் பற்றிய விவாதம்

மறுபுறம், வதந்தியும் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களும் இதே திரைக்குப் பின்னே மறைந்துகொள்கின்றன. புலனாய்வோரின் இக்கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2019-இல் நடைபெற்ற விசாரணையில், செய்தியை முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு இணைக்க இயலும் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி கருத்துரைத்தார். அது பாதுகாப்பைத் தளர்த்தும். தந்திரம் அறிந்த குற்றவாளியைப் பிடிக்கவும் உதவாது என்று மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார்.

2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் செயலிகள் குறிப்பிட்ட கடுங்குற்றங்களில் முதல் அனுப்புநரைக் கண்டறிந்து கூற வேண்டும் என விதித்தன. இதனை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. ஒரு குற்றவாளியைத் தேடுவதற்கென அமைக்கப்படும் வழி, எல்லோருடைய செய்தியிலும் அமைக்கப்பட வேண்டியிருப்பதே இச்சிக்கலின் மையம்.

சட்டத்தின் காவல்

1996-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், ஒட்டுக்கேட்டலுக்கு உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அதில் தலையிடும் அரசுச் செயலுக்குச் சட்டத்தின் ஆதாரம், நேர்மையான நோக்கம், நோக்கத்திற்கு ஏற்ற அளவு ஆகியவை வேண்டும்.

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் 2024 டிசம்பரில் வெளியான விதிகளின்படி, இடைமறிப்பு ஆணையை இயல்பாக மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலரே பிறப்பிக்க வேண்டும். ஆணை 60 நாட்களுக்குச் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டலாகாது. மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையிலான மறுஆய்வுக் குழு ஆணைகளைப் பரிசீலிக்கிறது. தேவையற்ற பதிவுகளை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அழிக்கவும் விதி உண்டு. விதிப்படி அழித்தல் குடிமகனின் அந்தரங்கத்தைக் காக்கிறது. விதியை மீறிய அழிப்போ தவறிழைத்தவரைக் காக்கிறது. பேகம்பேட் வழக்கில் ஆராயப்படுவது இவ்வேறுபாடே. இக்காவல் முழுவதும் நிர்வாகத்தினுள்ளேயே அடங்கியிருப்பதால், அதிகாரிகளின் நேர்மையும் பதிவேடுகளின் ஒழுங்குமே இதன் உயிர்நாடி.

செய்யத்தக்கவை

பயனாளர் தம் செயலிக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமைத்தல், காப்புப் படியையும் மறையாக்கம் செய்தல், மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தல், ஒருமுறைக் கடவெண்ணை எவரிடமும் கூறாதிருத்தல் ஆகியவை எளிய காப்புகள். அலுவலர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. தாமே மறையும் செய்திகளில் அரசு முடிவுகளை எடுத்தால், 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பொருளற்றவையாகிவிடும். குடிமகனின் சொல் மறைவாகவும், அரசின் செயல் பதிவாகவும் இருப்பதே மக்களாட்சி முறை. கணிதம் முன்னதற்குப் பூட்டு அளித்துள்ளது. பின்னதற்கான பதிவேட்டை அலுவலர்தாம் காக்க வேண்டும்.