நல்லம்பள்ளியின் இளம் போதகருக்கு: தாய் தகப்பனைக் கனம்பண்ணுதல் குறித்து

தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளை யாத்திராகமம் 20:12-இலும் உபாகமம் 5:16-இலும் இருக்கிறது. சி.எஸ்.ஐ. சபையார் இதை ஐந்தாம் கட்டளை என்பர். கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் இது நான்காவது. சீனாய் மலையடிவாரத்தில் இதைக் கேட்டு நின்றவர்களில் ஆடுமாடும் பிள்ளைகுட்டியுமாக இருந்த பெரியவர்களும் உண்டு. தள்ளாத பெற்றோரை வனாந்தரத்தில் விட்டுவிடாமல் கூட்டிப்போக வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அடக்கி வைப்பதற்கு மட்டும் இந்த வசனத்தை எடுத்தால் அது பாதிப் பிரசங்கம். சம்பாதிக்கிற மகனும் மகளும்தான் இதை முதலில் கேட்க வேண்டியவர்கள்.

நல்லம்பள்ளிப் பக்கத்து இளைஞர்கள் பலர் பிழைப்புக்கு ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று போய்விடுகிறார்கள். ஊரில் பெற்றோர் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயை எதிர்பார்த்து இருக்கிறார்கள். வீடு சந்திக்கப் போகும் போதகர் ஜெபித்துவிட்டு உடனே கிளம்பக் கூடாது. சர்க்கரை மாத்திரை அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம், அன்று உலை வைத்தார்களா, தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெரியவர்களுக்குப் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. சொந்த வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியை விடக் கெட்டவன் என்பது அதே அதிகாரத்தின் தீர்ப்பு. வேதம் சொல்லும் மரியாதையில் சோறும் மருந்தும் அடங்கும்.

இதில் போதகருக்கே உறைக்க வேண்டிய பகுதி மாற்கு 7-ஆம் அதிகாரம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்ற வழக்கத்தை இயேசு கடுமையாகக் கண்டித்தார். அப்படிக் கண்டித்தவர், சிலுவையில் உயிர் போகும் வேளையிலும் தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைத்தார். தாயை அரைவயிற்றில் விட்டுவிட்டுக் கட்டட நிதிக்குக் கொடுக்கும் காணிக்கையைச் சபை வாங்கக் கூடாது. கூரை போட இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு. எபேசியர் 6-ஆம் அதிகாரம் அதைக் கர்த்தருக்குள் என்று வரையறுக்கிறது. பிள்ளைகளைக் கோபமூட்டாதிருக்கத் தகப்பன்மாருக்கும் சொல்கிறது. தருமபுரி மாவட்டத்தில் இது வெறும் வேதபாட விஷயமல்ல. ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. சாதிக் கௌரவத்துக்காகப் பிள்ளையின் திருமணத்தைத் தடுக்கும் பெற்றோர் கையில் இந்தக் கட்டளையை ஆயுதமாகக் கொடுப்பது பாவம்.

முதல் தலைமுறை விசுவாசிகளின் வீட்டில் வேறொரு சிக்கல். வீட்டில் சாமி படம் இருக்கிறது என்று அம்மா கையால் சாப்பிட மறுக்கும் பையனை வைராக்கியமுள்ளவன் என்று மேடையில் புகழ்வது பெரும் தவறு. பெற்றோர் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள் என்று கட்டளை கேட்கவில்லை. சடங்கில் எதுவரை சேர்வது என்பது அவரவர் மனச்சாட்சிக்கு உரியது. ஆனால் தகப்பனின் மருத்துவச் செலவிலும் சாவுச் செலவிலும் மூத்த மகன் தன் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும்.

நாட்டின் சட்டமும் இந்தக் கடமையைச் சொல்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. இது எல்லா மதத்தாருக்கும் பொது. மகனைப் போலவே மகளும் பொறுப்பாளி. நல்லம்பள்ளியார் தருமபுரி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பராமரிப்புத் தொகையாக மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். பிள்ளை பேரில் நிலத்தை எழுதி வைக்கும் பெரியவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தான செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பிள்ளை தவறினால் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அந்த ஒரு வரிதான் கை கொடுக்கும். இதைச் சபைப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஊழியமே. முதியோர் உதவி எண் 14567-ஐ அடுத்த ஞாயிறே அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.