வீட்டுப் பெரியவருக்கு இருதயம் பலவீனமா?



கீழ் டிவிஷனில் ஒரு பாட்டி. 35 வருஷம் கொழுந்து எடுத்தவர். இருதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியும் மாத்திரைகளும் கொடுத்திருந்தார்கள். போன மழைக்காலத்தில் கால் வீங்கியது. வாதம் என்று நினைத்து வீட்டார் எண்ணெய் தேய்த்தார்கள். டவுன் கடையில் வலி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் பாட்டிக்குப் படுக்க ஏலவில்லை. இரவெல்லாம் இஸ்தோப்பில் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்.

பிறகு விசாரித்தேன். தண்ணி மாத்திரையை மட்டும் போடாமல் டின்னுக்குள் சேர்த்து வைத்திருக்கிறார். "அதப் போட்டா நாலஞ்சு தடவ கக்கூசுக்கு எறங்கணும் ஐயா. மழையில படி வழுக்குது" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருதயம் பலவீனம் என்றால் அது நிற்கப் போகிறது என்று அர்த்தமில்லை. இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது. அப்போது உடம்பு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர்தான் காலில் வீக்கம், நெஞ்சில் மூச்சுத் திணறல். தண்ணி மாத்திரை அதைச் சிறுநீராக இறக்குகிறது. டாக்டர் வேறு நேரம் சொல்லாவிட்டால் காலையிலேயே கொடுங்கள். காம்பராவுக்குள் மூடியுள்ள வாளி ஒன்று வையுங்கள். (அதைக் கழுவுவது மருமகள் வேலை மட்டுமல்ல, மகனுக்கும் கை இருக்கிறது.) கிளினிக் நாளில் பஸ் பயணத்துக்குப் பயந்து மாத்திரையை விடுகிறவர்களும் உண்டு. அன்று எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

அடுத்தது நிறை. மடுவத்தில் ஒரு கிலோ வெட்டினால் சண்டைக்குப் போகிற நாம், பாட்டிக்கு இரண்டு கிலோ கூடியதைக் கவனிப்பதில்லை. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையல்ல, நீர். பல நேரம் கால் வீங்குமுன்பே தராசு சொல்லிவிடும். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். கூடினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். லயத்தில் நாலு வீடு சேர்ந்தால் ஒரு தராசு வாங்கலாம்.

கருவாடு, நெத்தலி, ஊறுகாய், அப்பளம் பெரியவருக்கு வேண்டாம். கருவாட்டை எவ்வளவு ஊறவைத்தாலும் உப்பு முழுதும் போகாது. ரொட்டி மாவிலும் சம்பலிலும் உப்புப் போடுமுன் அவர் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு கிழமை முகம் சுளிப்பார். தேசிக்காய், மிளகு, இஞ்சி சேர்த்தால் நாக்குப் பழகிவிடும்.

இபுபுரோபன், டைக்குளோபினக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கும். டாக்டரைக் கேளாமல் கொடுக்கவே கூடாது.

படுக்க ஏலாமல் மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கினாலோ 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்தடிக்கு வாகனம் வராத இடமென்றால், ஒரு பையனை டோர்ச் லைட்டோடு ரோட்டுக்கு அனுப்புங்கள். கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தால் அந்த நேரத்தில் தேட வேண்டியிராது.