ஆக்லாந்தில் கேமராவும் கொஞ்சம் நிதானமும்

வாரம் முழுக்க வேலை, வீடு, மோட்டார்வே நெரிசல் என்று ஓடும் நம்மவர்களில் பலர், சனி ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மனசு லேசாகும் என்ற எதிர்பார்ப்புதான். லேசாகும், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை படம், எத்தனை லைக், அடுத்த லென்ஸ் என்ன விலை என்று அதுவே இன்னொரு உத்தியோகமாகிவிடுவதும் உண்டு. கண்முன் இருப்பதைக் கொஞ்ச நேரமாவது முழுதாகப் பார்த்தோமா என்பதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கில் எழுதியவை இவை.

செய்ய வேண்டியவை

வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஊரில் பழகிய திசைக் கணக்கு இங்கே செல்லாது. நண்பகலில் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும். அதனால்தான் இங்கே வடக்குப் பார்த்த வீட்டுக்குக் கிராக்கி. சென்னை உச்சிவெயிலில் ஒருவரைப் படமெடுத்தால் கண்குழிகள் கருத்துப்போகும். ஆக்லாந்தில் ஜூன் மாத நண்பகலில்கூடச் சூரியன் சுமார் 30 பாகை உயரத்தைத்தான் எட்டும். பன்னிரண்டரை மணிக்கே ஆளின் நிழல் ஆளைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளும். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, வேலிப் பலகையின் நிழல் புல்மேல் நகர்வதைப் பத்து நிமிடம் பாருங்கள். முதல் மூன்று நிமிடம் கை ஃபோனைத் தேடும். அதைத் தாண்டிவிட்டால் பிறகு சிரமமில்லை.

ஒரே லென்ஸோடு போங்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெசோன், ஆயுளில் பெரும்பகுதியை ஒரு லைக்கா கேமராவோடும் 50 மில்லிமீட்டர் லென்ஸோடும் ஓட்டியவர். தோளில் மூன்று லென்ஸ் தொங்கினால் எதை மாட்டுவது என்ற யோசனையிலேயே பொழுது போய்விடும்.

ஓர் இடத்தில் நில்லுங்கள். அதற்கு மேற்குக் கடற்கரையிலுள்ள முரிவாயைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை அங்குள்ள பாறைமேல் ஏறத்தாழ 1,200 ஜோடி கானட் பறவைகள் கூடு கட்டுகின்றன. எல்லோரும் வந்ததும் மொத்தக் கூட்டத்தையும் ஒரு படம், கடலை ஒரு படம், தங்களை ஒரு படம் எடுத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுங்கள். கூடுகளுக்கிடையே ஒரு பறவை கழுத்தை நீட்டி அடுத்ததைக் கொத்தும் தூரம்தான். அதில் சண்டை ஓயாது. கடலுக்குப் போன துணை எதிர்காற்றில் சிறகை விரித்துத் தடுமாறி இறங்கும். இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு நின்று, கழுத்தை மேலே நீட்டி, அலகோடு அலகை உரசித் தட்டும். நாலு வீட்டார் முன்னால் நடக்கும் குடும்பம் அது. எச்சத்தின் நாற்றம் முதலில் குடலைப் புரட்டும், பிறகு பழகிவிடும். பறக்கப் பழகிய குஞ்சு முதல் பெரிய பயணமாக டாஸ்மன் கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்கே போகிறது. அரைமணி நேரம் நின்றவருக்குத்தான் அடுத்து எது நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். படமும் அவருக்குத்தான் கிடைக்கும்.

ஆளை எடுப்பதற்கு முன் பேசுங்கள். லண்டனில் பிறந்து 1958இல் நியூஸிலாந்துக்கு வந்த மார்ட்டி ஃப்ரீட்லாண்டர் ஆக்லாந்தில் வாழ்ந்தவர். மோவாய்ப் பச்சை குத்திய மூத்த மாவோரிப் பெண்களை வரலாற்றாளர் மைக்கேல் கிங்கோடு தேடிப்போய் அவர் எடுத்த படங்கள் 1972இல் நூலாயின. அந்தப் பாட்டிமார் வேடிக்கைப் பொருளாக அல்ல, நேருக்கு நேர் நம்மைப் பார்ப்பவர்களாக இருக்கிறார்கள்.

எடுத்த படத்தை அன்றைக்கே பார்க்காதீர்கள். ஒரு வாரம் ஆறட்டும்.

செய்யக்கூடாதவை

மேற்குக் கடற்கரையில் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். பீஹா, கரேகரே, பெதெல்ஸ் எல்லாம் கருமணல் கரைகள். ஈர மணலில் வானம் அப்படியே விழும், ஆளை மயக்கிவிடும். அலை அமைதியாக இருக்கிறதே என்று பாறைமேல் ட்ரைபாடை நட்டுவிட்டு வ்யூஃபைண்டருக்குள் மூழ்காதீர்கள். மனம் ஒருமுகப்படுவதற்கு அந்தப் பாறை ஏற்ற இடமல்ல.

சேற்றுக் காலோடு வைடாகெரே காட்டுக்குள் போகாதீர்கள். கௌரி மரங்களைக் கொல்லும் நோய் மண்வழியே பரவுகிறது. குண்டூசித் தலையளவு மண் போதும். 2017இல் அந்த மண்ணின் மாவோரி மக்களான தே கவெராவ் ஆ மகி, காட்டுக்குள் யாரும் போகக்கூடாதென்று தடை விதித்தார்கள். மறு ஆண்டு நகராட்சியும் பாதைகளை மூடியது. திறந்திருக்கும் பாதைகளில் காலணியைத் தேய்த்துக் கழுவ நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் செருப்பைக் கழுவுகிறார்கள். ட்ரைபாட் காலை யாரும் கழுவுவதில்லை, அதையும் கழுவுங்கள்.

மவுண்ட் ஈடன் உச்சியிலிருந்து எரிமலைவாய்க்குள் இறங்காதீர்கள். 50 மீட்டர் ஆழமுள்ள அந்தக் குழி மாவோரிகளுக்குப் புனிதமானது. விளிம்பில் நின்றே நல்ல படம் கிடைக்கும். மாவோரிக் கூடத்துக்குள்ளும் கேட்காமல் கேமராவை எடுக்கக்கூடாது. கருவறையைப் படமெடுக்காத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்ணில் படுவதையெல்லாம் எடுக்காதீர்கள். லிண்டா ஹெங்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் அருங்காட்சியகம் ஒன்றில் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. வெறுமனே பார்த்த பொருட்களைவிட, படமெடுத்த பொருட்கள் குறைவாகவே நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த மறதி இல்லை. கேமராவில் குற்றமில்லை, அள்ளிக்கொண்டு போகும் அவசரத்தில்தான்.

தானாக அமைந்தால்தான் உண்மையான படம் என்று அடம்பிடிக்காதீர்கள். நியூஸிலாந்தின் பிரையன் பிரேக் எடுத்த இந்தியப் பருவமழைப் படங்களை 1961இல் லைஃப் இதழ் வெளியிட்டது. அண்ணாந்து முகத்தில் மழைத்துளிகளை வாங்கும் அந்தப் பெண் உலகப் புகழ் பெற்றாள். அவள் பிற்பாடு திரைப்பட இயக்குநரான அபர்ணா சென். இடம், கொல்கத்தாவில் ஒரு மொட்டைமாடி. மழை, பூவாளியில் ஊற்றிய தண்ணீர்! இது தெரிந்த பிறகும் எனக்கு அந்த முகத்தின்மேல் மரியாதை குறையவில்லை. பிரேக் பிறகு ஆக்லாந்தின் டிடிராங்கியில் காட்டுக்கு நடுவே வீடு கட்டிக் குடியேறி, 1988இல் காலமானார்.

ஒவ்வொரு க்ளிக்குக்கும் திரையைக் குனிந்து பார்க்காதீர்கள்.

கடைசியாக, கேமராவை மருந்தென்று நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். புலம்பெயர்ந்த ஊரில் முதல் குளிர்காலம் பலரை அடித்துப் போட்டுவிடும். ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், பேச ஆளிருக்காது. நல்ல வெளிச்சமும் நடையும் உதவும், அவ்வளவுதான். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். 1737 என்ற எண்ணை நியூஸிலாந்தில் எங்கிருந்தும் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். பேசத் தயக்கமென்றால் குறுஞ்செய்தி அனுப்பலாம்.