நோயாளரைப் பேணுதல்

நோய் தீர்வதற்கு மருந்து மட்டும் போதாது. பேணும் முறையும் வேண்டும். இதனை உலகிற்கு உணர்த்தியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரீமியப் போரில் காயமுற்ற வீரர்க்கு 1854ஆம் ஆண்டு முதல் ஸ்குட்டாரி மருத்துவமனையில் தொண்டாற்றிய அவர், செவிலியர் கடமைகளை 1859இல் ஒரு நூலாக எழுதினார்.

உடலை நலமுறச் செய்வது இயற்கையே. அதற்கு ஏற்ற நிலையில் நோயாளரை வைத்திருத்தலே செவிலியர் கடமை என்பது அவர்தம் கொள்கை. ஆதலின் தூய காற்று, வெளிச்சம், ஏற்ற உணவு, அமைதி ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார்.

நோயாளரின் அறையில் தாழ்ந்த குரலில் பேசுதல் கொடிது என்றார். ஏன்? தம்மைப் பற்றிய பேச்சோ என்று நோயாளர் ஐயுற்றுச் செவிசாய்ப்பர். பிணியை எதிர்க்க வேண்டிய வலிமை அவ்வச்சத்திலேயே கழிந்துவிடும். அவருடன் பேசுவோர், அவர் தலையைத் திருப்பாமலே காணுமாறு எதிரில் அமர்தல் வேண்டும். ‘நன்றாக உறங்கினாரா?’ என்று கேட்பதினும், ‘எத்தனை மணி நேரம், எப்பொழுது உறங்கினார்?’ என்று வினவுதலே பயன் தரும். அவ்விடையே உண்மை நிலையைக் காட்டும்.

மாணவர்களே! இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. கருத்தூன்றிய நோக்கே வேண்டும். உங்கள் இல்லத்தில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கும்பொழுது நீங்களும் இவற்றைச் செய்யலாம். அன்பு நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது. அது செயலில் விளங்குதல் வேண்டும்.